அமிலம்–காரம் சோதனைப் பெட்டி: வாங்கலாமா?

தொடக்கநிலை ஐந்து, ஆறு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். 28 வெள்ளி. பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் இந்த மாதிரிப் பெட்டிகளை எளிதில் மெச்ச மாட்டேன். இதை மெச்சுகிறேன்.

சிட்ரிக் அமிலத் தூள், சமையல் சோடா, சலவைச் சோடா, லிட்மஸ் தாள், சொட்டுக் குழாய்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, அப்புறம் ஒரு பிளாஸ்டிக் எரிமலை. பிள்ளைகள் எரிமலைக்குத்தான் ஓடுவார்கள். ஒருமுறை பொங்கட்டும், விட்டுவிடுங்கள்.

பெட்டியின் உயிர் ஒரு சின்னப் பொட்டலம் காய்ந்த சங்குப்பூ. நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றும் அதே பூதான். வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீலத் தண்ணீரில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்ததும் ஊதாவாகிவிட்டது. அதில் மகள் சமையல் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் நீலம் பூத்து, நுரைத்து, மறுபடி ஊதாவில் மறைந்தது. கடைசியில் ஒரு சொட்டில் நீலம் அப்படியே நின்றுவிட்டது. அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகத் தீர்ந்துபோகும் இடத்தை இவ்வளவு தெளிவாக ஒரு பாடப்புத்தகமும் காட்டாது. மேலும் சலவைச் சோடா விட்டால் பச்சைக்குப் போகும்.

“அம்மா, கப் சில்லுன்னு இருக்கும்மா!” என்றாள். சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் சேரும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தாலோ நேர்மாறாகச் சூடேறும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கையேடுதான் பெட்டியின் பலவீனம். “கலந்தால் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும்” என்று எழுதியிருக்கிறார்கள். தவறு. தண்ணீரோடு உப்பும் உண்டாகும். இங்கே கிடைப்பது சோடியம் சிட்ரேட், இரத்த தானப் பைகளில் இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்ப்பது. கரைசலைத் தட்டில் ஊற்றி மின்விசிறிக்கு அடியில் வைத்தால் வெள்ளையாகப் படியும். சம எடை போடச் சொல்வதும் சரியில்லை. 10 கிராம் சிட்ரிக் அமிலத்துக்கு ஏறக்குறைய 13 கிராம் சமையல் சோடா வேண்டும், இல்லாவிட்டால் புளிப்பு மிஞ்சும்.

எங்களுக்கு வந்த பெட்டியில் அமிலமும் சோடாவும் முன்கூட்டியே கலந்த ‘நுரைத்தூள்’ பொட்டலம் பிரிக்கும் முன்பே தலையணை மாதிரி உப்பியிருந்தது. காய்ந்த நிலையில் இரண்டும் சும்மா கிடக்கும், ஈரம் பட்டால் போதும், கரியமில வாயு கிளம்பிவிடும். நம்மூர்க் காற்றின் ஈரத்துக்கு இரண்டையும் தனித்தனியாகத்தான் கட்டித் தரவேண்டும். விற்றவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது வேறொன்றில். “வீட்டில் உள்ள மற்றப் பொருள்களையும் கலந்து பாருங்கள்” என்று முடித்திருக்கிறார்கள். பிளீச்சோடு அமிலம் கலந்த கழிவறைத் திரவம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறை எவ்வளவு சின்னது! அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பெட்டியைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

சங்குப்பூ சீக்கிரம் தீர்ந்துவிடும். லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போனால் காய்ந்த பூ கேட்டுப் பாருங்கள். சிட்ரிக் அமிலம் கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும்.