கானமாரா கூரை வீடு: முன்பணம் கட்டும் முன் படியுங்கள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், அதுவும் குளிர் தொடங்கிய பிறகு, கூரை வேய்ந்த பழைய வீட்டில் தங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் கரையில் உள்ள கானமாரா பகுதியில், கிளிஃப்டன் ஊர்ப் பக்கம் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டைப் பற்றி விளம்பரத்தில் “200 ஆண்டுப் பழமை, பாரம்பரிய முறையில் புதுப்பித்தது” என்று போட்டிருந்தார்கள். வெள்ளைச் சுவர், சிவப்பு அரைக்கதவு, பொன்னிறக் கூரை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அப்பாவுக்கு டப்ளின் அடுக்குமாடியைத் தவிர வேறு எதையாவது காட்டலாமே என்று அக்டோபர் விடுமுறையில் கிளம்பினோம்.

படம் பொய்யில்லை, பழசு. கூரை வேய்ந்த புதிதில் எடுத்திருப்பார்கள் போல. நேரில் கூரை கறுத்து, வடக்குப் பக்கம் முழுக்கப் பாசி. அட்லாண்டிக் காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க, அந்தக் கரையில் கயிறுகளைக் குறுக்கே போட்டு, இறவாரத்துக்குக் கீழே சுவரில் பதித்த முளைகளில் இழுத்துக் கட்டுவார்கள். இந்த வீட்டில் பாதிக் கயிறு அறுந்து தொங்கியது. படுக்கையறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அது எதற்கு என்பது ராத்திரி மழையில் தெரிந்தது.

ஒழுகலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஓதம்தான் தாங்கவில்லை. இந்த மாதிரி வீடுகள் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியவை. சுவர் இரண்டடி கனம் இருக்கும், ஆனால் தரையிலிருந்து ஈரம் ஏறாமல் தடுக்க அடியில் எதுவும் கிடையாது. சுண்ணாம்பு பூசியிருந்தால் ஏறிய ஈரம் தானாகவே காற்றில் போய்விடும். இங்கே வெளியே சிமெண்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து, உள்ளே பிளாஸ்டர்போர்டு வைத்து மூடியிருந்தார்கள். ஈரத்துக்குப் போக வழியே இல்லை. கட்டிலைச் சற்று நகர்த்திப் பார்த்தால் சுவர் முழுக்கக் கரும் பூஞ்சணம், விரலால் அழுத்தினால் போர்டு உள்ளே போகிறது. அம்மா போர்வையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஏண்டா, இதை இப்பத்தான் துவைச்சாங்களா? காயவே இல்லையே” என்றார். மறுநாள் ரோஸ்மக்கில் பேட்ரிக் பியர்ஸின் வீட்டுக்குப் போனோம். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்களில் ஒருவர். அவர் கோடையில் தங்கிய இந்தக் கூரை வீட்டை விடுதலைப் போர்க் காலத்தில் எரித்துவிட்டார்கள், பிறகு திரும்பக் கட்டினார்கள். அதுவும் அதே மழையில்தான் நிற்கிறது. ஒழுங்காகப் பராமரித்தால் எப்படி இருக்கும் என்று அங்கே பார்த்துக்கொண்டோம்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். குளிருக்கு அடுப்பு மூட்டலாம், டர்ஃப் இலவசம் என்று சொல்லியிருந்தார்கள். டர்ஃப் என்பது சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து எரிக்கும் மக்கிய தாவரக் கட்டி. இங்கே வைத்திருந்தது பாதி காயாதது. மூட்டிய கொஞ்ச நேரத்தில் புகை மேலே போகாமல் அறைக்குள்ளேயே சுருண்டது. புகைபோக்கிக்குள் ஜாக்டா என்கிற சின்னக் காக்கை கூடு கட்டி அடைத்திருந்தது. கூடு கட்டுவது காக்கையின் பழக்கம், அயர்லாந்தில் சாதாரணமாக நடப்பது. ஆள் வரும் முன் புகைபோக்கியைச் சுத்தம் செய்யாதது யார் பழக்கம்? சுவரில் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பேட்டரி இல்லை. அடுப்பில் உண்டாகும் அந்த உயிர்க்கொல்லி வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வயதானவர்கள் தூங்கும் அறை அது. நெருப்பை அணைத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கோட்டோடு படுத்தோம்.

உரிமையாளருக்குப் போன் போட்டேன். “பழைய வீடென்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், அதுதானே அழகு” என்றார். சரி. கிளம்பும் நாளில் மின்சார மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டு, யூனிட்டுக்கு 80 சென்ட் கேட்டார். எங்கள் டப்ளின் பில்லில் 35 சென்ட் அளவுதான் வரும். அப்புறம் புகைக் கறை என்று சொல்லி 200 யூரோ டெபாசிட்டையும் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுக் காக்கைக்கு நாங்கள் அபராதம் கட்டியிருக்கிறோம்!

கூரை வீடே வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்லவையும் இருக்கின்றன, ஆனால் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். முதலில் ஏர்கோடு கேளுங்கள். அயர்லாந்தில் 2015 முதல் ஒவ்வொரு முகவரிக்கும் தனியாக, எழுத்தும் எண்ணும் கலந்த ஏழு இலக்கக் குறியீடு உண்டு. கிராமத்தில் தெருப் பெயர், கதவு எண் எதுவும் இல்லாவிட்டாலும் அதை வைத்து வரைபடத்தில் வீட்டைப் பிடித்துவிடலாம். அதைத் தர மழுப்பினால் அத்தோடு விட்டுவிடுங்கள். கூரை கடைசியாக எப்போது வேய்ந்தது, புகைபோக்கி எப்போது சுத்தம் செய்தது, மின்சாரம் வாடகையில் சேர்த்தியா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். கூரை வீட்டுக்குக் காப்பீடு கிடைப்பதே அங்கே பெரும்பாடு; கொடுக்கும் நிறுவனங்களும் புகைபோக்கி, வயரிங் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று கறாராக நிபந்தனை போடும். அதனால் அந்த ஒரு பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். பேட்டரி போட்டு அழுத்திப் பார்க்கும் சின்ன கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் பையில் எடுத்துப் போங்கள், கடையில் கிடைக்கிறது.

பணத்தை முழுக்கக் கார்டிலேயே கட்டுங்கள். முன்பணம் கார்டில் போனதால், வாளி, பூஞ்சணம், பேட்டரி இல்லாத அலாரம் எல்லாவற்றின் படத்தையும் வைத்து வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்டோம், வந்துவிட்டது. மீதி வாடகையையும் டெபாசிட்டையும் உரிமையாளர் நேராகத் தன் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். அது இன்னும் அவரிடம்தான். 2,000 யூரோ வரையிலான தொகைக்கு மாவட்ட நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வக்கீல் இல்லாமல் ஆன்லைனிலேயே மனு போடலாம், கட்டணம் 25 யூரோ. போட்டிருக்கிறோம். அவருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் சொல்ல 15 நாள் அவகாசம். என்ன ஆனது என்று இங்கேயே எழுதுகிறேன்.