பட்டு விளக்கா, தாள் விண்மீனா, சிப்பிப் பரோலா?

திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கும் எங்கள் வீட்டில், கூடத்திலிருந்து பால்கனிக்குப் போகும் வழியின் மேலே ஒரே ஒரு கொக்கி இருக்கிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்தக் கொக்கியில் மூன்று நாடுகளின் விழா விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கின. முதலில், வியட்நாமின் ஹோய் ஆன் நகரத்துக்குப் போயிருந்தபோது நாங்களே வாங்கி வந்த பட்டு விளக்கு. அடுத்து, ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த என் தங்கை அனுப்பிய, அந்நாட்டின் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் செய்யப்படும் தாள் விண்மீன். மூன்றாவதாக, கப்பலில் வேலை பார்க்கும் அத்தான் மணிலாவிலிருந்து கொண்டுவந்த சிப்பிப் பரோல், அதாவது பிலிப்பைன்ஸின் விண்மீன் வடிவ கிறிஸ்துமஸ் விளக்கு. இரண்டு ஆண்டுகளாக அந்த இடத்தில் இருப்பது பரோல்தான். அதை இறக்கும் எண்ணம் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கே நான் ஒப்பிடுவது, விழா முடிந்ததும் பரணுக்குப் போகும் விளக்கை அன்று. ஆண்டு முழுவதும் மாலை ஆறரை மணிக்கு ஏற்றி, இரவு படுக்கப் போகும்போது அணைக்கும் விளக்கை. எனவே அகல் இந்தக் கணக்கில் வராது. கார்த்திகையன்று வாசலில் எரியும் அகலுக்கு வேறெதுவும் ஈடில்லை. ஆனால் எண்ணெயும் திரியும் காற்றும் அதை அன்றாடம் கூடத்தில் எரியும் விளக்காக இருக்க விடா. தாய்லாந்தின் யீ பெங் விழாவில் வானில் பறக்கவிடும் தாள் விளக்குக்கு வீட்டுக்குள் வேலையே இல்லை. இலங்கையில் புத்த பூர்ணிமைக்குக் கட்டும் வெசாக் கூடு எனக்கு மிகவும் பிடித்தமானது என்றாலும், மூங்கில் குச்சிகளில் மெல்லிய தாளை ஒட்டி அந்த வைகாசி நிலவுக்கென்றே செய்யப்படுவது அது. அதை மறு ஆண்டு வரை காப்பாற்ற நினைப்பது அதன் இயல்புக்கே பொருந்தாது.

ஹோய் ஆன் விளக்கு வாங்குவதற்கும் கொண்டுவருவதற்கும் மூன்றிலும் எளியது. அந்த நகரின் பழைய பகுதியில் 1998 முதல் சந்திர மாதத்தின் பதினான்காம் இரவில் மின் விளக்குகளை அணைத்துவிட்டு, இத்தகைய விளக்குகளின் ஒளியில் தெருக்களை விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. அந்த ஒளியில் மஞ்சள் சுவர்களையும் ஆற்றையும் பார்த்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவது அரிது. வளைத்த மூங்கில் பட்டைகளின் மேல் பட்டுத் துணியை இழுத்து ஒட்டியிருப்பார்கள். குடையைப் போல மடக்கிவிடலாம் என்பதால், ஓர் அடி அகல விளக்குகூடப் பெட்டியில் ஒரு சட்டையின் இடத்தைத்தான் பிடிக்கும். நாங்கள் வாங்கியது அடர் சிவப்பு. அதை வாங்கியது தவறு என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. ஆனால் சிவப்புப் பட்டு ஒளியில் பெரும்பகுதியைத் தானே விழுங்கிக்கொள்கிறது. அதனடியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க முடியாது. இதை வாங்குபவர்கள் வெளிர் மஞ்சளையோ தந்த நிறத்தையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

விண்மீன் விளக்கின் கதை வேறு வகையானது. மொராவிய சபை என்னும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினர் ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில் நடத்திய விடுதிப் பள்ளியின் ஐம்பதாம் ஆண்டு விழாவில், 1821இல், நூற்றுப்பத்து முனைகள் கொண்ட விண்மீன் ஒன்று ஏற்றப்பட்டதாகப் பதிவு உண்டு. பின்னாளில் மாணவர்களுக்கு வடிவியல் கற்பிக்கும் பயிற்சியாகவும் அது பயன்பட்டிருக்கிறது. இன்று ஹெர்ன்ஹூட்டில் செய்யப்படும் வடிவத்தில், நான்கு பக்க அடி கொண்ட பதினேழு கூம்புகளும் மூன்று பக்க அடி கொண்ட எட்டுக் கூம்புகளும் சேர்ந்து இருபத்தைந்து முனைகள். இருபத்தாறாவது முகம் பல்பை உள்ளே விடுவதற்கானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்கள் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமையில் குடும்பமாக உட்கார்ந்து அதைப் பொருத்துவது அங்கே வழக்கம். (இதே சபையினர் 1760இல் நம் தரங்கம்பாடியிலும் வந்து குடியேறியவர்கள், விண்மீன் அதற்கு அறுபது ஆண்டுகள் கழித்துத் தோன்றியது.) எங்கள் வீட்டில் அதைப் பொருத்த ஒரு முழு மாலை பிடித்தது. என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. ஒவ்வொரு கூம்பையும் எண்ணி எடுத்துக் கொடுத்தான். பொருத்தி முடித்து ஏற்றியபோது, எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஒரு முனை நம்மை நோக்கி நீண்டிருந்தது. வடிவ அழகை மட்டும் வைத்துப் பார்த்தால் முதலிடம் இதற்குத்தான்.

பரோல் என்ற சொல் ஸ்பானிய மொழியில் விளக்கைக் குறிக்கும் ஃபரோல் என்பதிலிருந்து வந்தது. டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலை வழிபாடு நடக்கும் நாட்களில் பிலிப்பைன்ஸின் வீடுகள்தோறும் இது தொங்கும். முற்காலத்தில் மூங்கிலும் தாளும் கொண்டு செய்தார்கள். இப்போது பரவலாக இருப்பது காபீஸ் என்னும் சிப்பியால் செய்தது. இந்தச் சிப்பி ஏறக்குறையத் தட்டையானது, ஒளியை ஊடுருவ விடுவது. கண்ணாடி எளிதில் கிடைக்காத காலத்தில் மணிலாவிலும் கோவாவிலும் இதைச் சன்னல் சட்டங்களில் பதித்தார்கள். திருகோணமலைக்கு அருகே தம்பலகாம விரிகுடாவில் இதே இனச் சிப்பியை முத்துக்காகக் குளித்து எடுத்த வரலாறும் உண்டு. எங்கள் பரோல் ஒன்றரை அடி அகலம், ஐந்து முனை. சிப்பிச் சில்லுகளின் விளிம்பைப் பித்தளைப் பட்டையால் பிடித்து, சந்திப்புகளில் ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். நிறம் ஏற்றாத இயல்பான சிப்பி. பகலில் அது தயிரின் வெண்மையில் இருக்கும். 2700 கெல்வின் மஞ்சள் ஒளி பல்பைப் போட்டால் தேன் நிறத்துக்கு மாறும். 6500 கெல்வின் வெள்ளைப் பல்பை ஒருமுறை போட்டுப் பார்த்தோம். அந்த உயிர்ப்பு முழுவதும் போய்விட்டது.

இவ்வளவும் ரசனை சார்ந்தவை. யாருக்கு எது அழகு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: தூசி.

கூரையிலிருந்து தொங்கும் எந்தப் பொருளும், கதவு திறந்திருக்கும் சென்னை வீட்டில், மூன்று வாரத்தில் சாம்பல் பூத்துவிடும். மேசை மேல் உள்ள பொருளைத் துடைப்பதைப் போல இதை நினைத்தபோது துடைக்க முடியாது. ஏணி வேண்டும், ஒயரைக் கழற்ற வேண்டும், இறக்க வேண்டும். ஆகவே ஒரு விளக்கை வாங்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, இதை ஈரத்துணியால் துடைக்க முடியுமா என்பதுதான். கடையில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கின் முன்னால் நிற்கும்போது இந்தக் கேள்வி நமக்குத் தோன்றுவதில்லை.

பட்டு விளக்கை முதல் ஆறு மாதம் மெல்லிய தூரிகையால் தட்டிப் பராமரித்தோம். தட்டினால் மேலிருக்கும் தூசி போகிறது. இழைகளுக்குள் இறங்கியது போவதில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும், மூங்கில் பட்டையை ஒட்டிய இடங்களில் கடுகளவு கரும்புள்ளிகள் தோன்றின. பூஞ்சை என்று தெரிந்து ஈரத்துணியால் ஒற்றியெடுத்தேன். அது வரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த தூசி ஈரத்தில் கரைந்து, பட்டில் வரைபடம் போலக் கறையாகப் படிந்துவிட்டது. பால்கனியைப் பார்த்த பக்கமோ வெயிலில் வெளுத்து, ஓராண்டில் அடர் சிவப்பு செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

தாள் விண்மீனில் தூசி கூம்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் போய்ச் சேர்கிறது. ஊதலாம், தூரிகையை நுழைக்கலாம். ஆனால் இருபத்தைந்து கூம்புகளுக்கு இடையே எத்தனை பள்ளங்கள் என்று எண்ணிப் பார்த்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போய்விடும். தாள் என்பதால் ஈரம் கூடாது. கார்த்திகை மாதக் கடற்காற்றில் கூம்புகளின் முனைகள் இலேசாகத் தொய்ந்தன. கழற்றிப் பரணில் வைத்த எட்டு மாதத்தில் மூன்று கூம்புகளின் ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. இதன் பெரிய நற்குணம், கெட்ட கூம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது. ஆனால் மாற்றுக் கூம்புக்கு ஜெர்மனியை எதிர்பார்த்திருக்க வேண்டும். வெளியில் தொங்கவிடுவதற்கென்று பிளாஸ்டிக்கில் செய்த வடிவமும் உண்டு. அதைத் துடைக்கலாம் என்பதால், நான் சொன்ன குறைகளில் பாதி அதற்குப் பொருந்தாது. அதனோடு வாழ்ந்து பார்த்த அனுபவம் எனக்கு இல்லை.

பரோலை இறக்கி, சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து துடைக்கிறேன். முழு வேலையும் இருபது நிமிடம். போகிக்கு முந்தைய நாள் துடைத்தபோது வாளித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. சிப்பியோ முதல் நாளில் இருந்த வெண்மைக்கே திரும்பிவிட்டது. வெயிலில் வெளுக்க அதில் சாயம் இல்லை. பூஞ்சைக்கு உணவாக அதில் நாரும் இல்லை. இந்த ஒரே காரணத்துக்காக, எடை கூடியது, மடக்க முடியாதது, கொண்டுவரும் வழியில் ஒரு சில்லு விரிசல் விட்டது என்பவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொள்கிறேன்.

அதற்காகப் பரோலில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். குறை சிப்பியில் இல்லை, பித்தளையில் இருக்கிறது. கடலுக்கு இவ்வளவு அருகில் பித்தளைப் பட்டையில் பச்சைக் களிம்பு ஏறாமல் இராது. முதல் முறை களிம்பைக் கண்டதும், குத்துவிளக்கைத் துலக்குவது போல அம்மா ஒரு முனையைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். பித்தளை பளிச்சென்று ஆனது. ஆனால் புளியின் அமிலம் சிப்பியின் சுண்ணாம்பை அரித்து, அந்த முனையின் இரண்டு சில்லுகள் மினுமினுப்பை இழந்து சொரசொரப்பாகிவிட்டன. ஆகவே புளி, எலுமிச்சை, வினிகர், குளியலறை கழுவும் திரவம் எதுவும் இதன் அருகில் வரக்கூடாது. இப்போது உலர்ந்த துணியால் களிம்பைத் தேய்த்தெடுத்து, பட்டைகளின் மேல் மட்டும் மெல்லிய தூரிகையால் நிறமற்ற வார்னிஷ் பூசியிருக்கிறேன். ஒரு மழைக்காலம் தாங்கியிருக்கிறது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஈயப்பற்றுகள் எப்படி இருக்கும் என்பதற்கு என் இரண்டு ஆண்டு அனுபவம் போதாது.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிலிப்பைன்ஸின் சான் ஃபெர்னாண்டோ நகரில் நடக்கும் மாபெரும் விளக்கு விழாவில், சுழலும் இரும்பு உருளையின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, கொண்டை ஊசிகள் நாடாவைத் தொடும்போது மின்சாரம் அறுபட்டும், இரும்பைத் தொடும்போது இணைந்தும் ஆயிரக்கணக்கான பல்புகள் தாளத்துக்கு ஏற்ப ஆடும்படி செய்கிறார்கள். அந்த ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசையில், முதுகில் சிறு பல்புகளை வரிசையாகப் பற்றவைத்து ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியையும் சேர்த்த பரோல்கள் நிறைய விற்கின்றன. அவற்றில் பெட்டி பழுதானால் விளக்கே பழுது. உள்ளே ஒரே ஒரு ஹோல்டர் உள்ளதாகப் பார்த்து வாங்கினால், எந்தத் தெருக் கடையிலும் கிடைக்கும் ஐந்து வாட் எல்.ஈ.டி. பல்பைப் போட்டுக்கொள்ளலாம். எங்களுடையதில் இருந்தது மரை வகை ஹோல்டர். தட்டை முள் பிளக்கோடு வந்ததால், பிளக்கை மட்டும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றினோம். அங்கேயும் 220 வோல்ட் என்பதால் வேறு சிக்கல் எழவில்லை.

கடலிலிருந்து தள்ளி, ஈரம் குறைந்த ஊரில், வெயில் படாத உள்ளறையில் மாட்டுபவர்களுக்குப் பட்டு விளக்கு நன்றாகவே உழைக்கும். விலையும் மூன்றில் அதற்குத்தான் குறைவு. மார்கழியில் ஒரு மாதம் மட்டும் ஏற்றி, தை பிறந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் வேப்பிலையோடு எடுத்து வைக்க முடிந்தவர்கள் தாள் விண்மீனைத் தயங்காமல் வாங்கலாம். நாங்களும் அதைத் தூக்கியெறியவில்லை. அரிபட்ட மூன்று கூம்புகளுக்குத் தங்கை மாற்று அனுப்பியிருக்கிறாள்; டிசம்பரில் மகனின் அறையில் மாட்டப் போகிறோம். கூடத்துக் கொக்கி பரோலுக்கு உரியது. புளி பட்ட முனையைப் பால்கனிப் பக்கமாகத் திருப்பி மாட்டியிருக்கிறேன்; அம்மா அதை ஏற்றும்போதெல்லாம் அந்த இரண்டு சில்லுகளைத் தடவிப் பார்க்கிறார்.