பிளட் குரூப் பார்க்க வெறும் வயிற்றில் வரச் சொன்னால் உஷார்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அடையாள அட்டைக்கு ரத்த வகை வேண்டும் என்று மகளின் டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். எங்களுக்குக் குறுவை நடவு நேரம், வயலை விட்டு நகர முடியாது. மாமனார்தான் பேத்தியை மன்னார்குடிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு தனியார் லேப்பில், "நாளைக்குக் காலையில வெறும் வயித்துல கூட்டிட்டு வாங்க, தாத்தா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ரத்த வகை பார்க்க வெறும் வயிறு தேவையே இல்லை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பார்க்கத்தான் அந்தப் பேச்சு. மறுநாள் கையில் வந்த பில் 1,350 ரூபாய். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தைராய்டு, கொலஸ்ட்ரால், சர்க்கரை! எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. "குரூப் மட்டும் தனியா பார்க்கிறதில்லை, பேக்கேஜ்லதான் வரும்" என்றார்களாம். போதாக்குறைக்கு அன்றைக்கே ரிப்போர்ட் வேண்டுமானால் 200 ரூபாய் அவசரக் கட்டணம். நடவு ஆட்களுக்குக் கூலி கொடுக்க எடுத்து வைத்திருந்த பணம் அது. வயசானவர், படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கட்டிவிட்டு வந்தார். அந்த நம்பிக்கையைக் காசாக்கியதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இந்தச் சோதனைக்கு விரல் நுனியில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தமே போதும். கண்ணாடித் துண்டில் மூன்று இடத்தில் வைத்து, ஆன்டி-ஏ, ஆன்டி-பி, ஆன்டி-டி என்று ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு மருந்து விட்டுக் கலக்குவார்கள். பால் திரிகிற மாதிரி எதில் திரிகிறதோ அதை வைத்து வகை தெரிந்துவிடும். சில நிமிஷ வேலை, இதற்கு எதற்கு அவசரக் கட்டணம்?

பக்கத்து வீட்டுப் பையனுக்கு எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் பார்த்துக் கொடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் அங்கே பதிவு செய்தால் இது இலவசம்தான். நெகட்டிவ் வகையா என்று தெரிவது பிரசவத்துக்கு முக்கியம், தள்ளிப்போடாதீர்கள். 18 வயது முடிந்து, 45 கிலோவுக்குக் குறையாமல் எடையும் உடம்பில் தெம்பும் இருந்தால் ரத்த தானம் செய்யலாம். ரத்த வங்கியில் வகையைப் பார்த்து அவர்களே சொல்லிவிடுவார்கள். அதற்கும் முன்னால் வீட்டில் பழைய பிரசவக் குறிப்பு, ஆபரேஷன் ஃபைல் இருந்தால் தேடிப் பாருங்கள். ரத்த வகை வருஷா வருஷம் மாறுவதில்லை. ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வந்தால் ஆஸ்பத்திரியில் எப்படியும் மறுபடி பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள்.

தனியார் லேப்புக்குத்தான் போயாக வேண்டுமென்றால், ஊசி குத்துமுன் "ஏபிஓ, ஆர்ஹெச் மட்டும்" (அதாவது ரத்த வகையும் அது பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் மட்டும்) என்று சொல்லி விலையைக் கேளுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி விலை போட்ட பில்லை வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்ல அந்த பில் கையில் இருக்க வேண்டும்.