பரங்கிமலை மாதா கோயில்: முழங்கால் வலியோடு ஏறியவளின் விமர்சனம்

ஆட்டோவில் மேலேயே போய் இறங்கலாம், அதற்குத் தார்ச்சாலை இருக்கிறது. நான்தான் வீம்புக்குப் படியேறினேன். ஐம்பதாவது படியைத் தாண்டியதும் மூச்சு வாங்கியது. ஆனால் இந்தப் படிகளுக்கே ஒரு கதை உண்டு. 1726-இல் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் காசில் கட்டிக்கொடுத்தது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் இருந்த பழைய மர்மலாங் பாலமும் அவர் கைங்கரியம்தான். இரண்டுமே இங்கே நடந்து வருகிறவர்களுக்காக!

மேலே இருப்பது சின்னக் கோயில். சாந்தோம் மாதிரி கோபுரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். போர்த்துகீசியர் 1523-இல் கட்டியது. 1547-இல் இங்கே மண்ணைத் தோண்டியபோது கிடைத்ததாகச் சொல்லும் கல் சிலுவை, பீடத்துக்குப் பின்னால் சுவரில் பதித்திருக்கிறது. அதைச் சுற்றி ஓடுவது பஹ்லவி எழுத்து, அதாவது இடைக்காலப் பாரசீகம். நான் கால்மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு பாட்டி, "கொஞ்சம் தள்ளும்மா, கும்பிட்டுக்கறேன்" என்றார்.

1802-இல் ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டன் இந்திய நில அளவைக்கு முதல் அடிக்கோடு, அதாவது அளவையின் தொடக்கக் கோடு, போட்டதும் இந்த மலையடிவாரத்தில்தான்.

குறை? நிழல் போதாது, வெயிலில் கல் சுடுகிறது. மாலை ஐந்துக்கு மேல் போங்கள், விமானம் இறங்குவதும் தெரியும். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை.