கண்டியில் ஒரு குத்துச்சண்டைக் கூடம்: தொடர்ந்து தோற்றவர்களுக்கு நல்ல ஆலோசனை

கண்டி, பேராதனை வீதிப் பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் இருக்கும் குத்துச்சண்டைக் கூடத்தைப் பற்றி எழுதுகிறேன். பாடசாலைப் பிள்ளைகள், உடம்பைக் குறைக்க வருகிறவர்கள் என்று அங்கே கூட்டம் அதிகம். அந்த வகுப்புகள் எப்படி என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை பின்னேரங்களில் அங்குள்ள மாஸ்டர் போட்டிக்காரர்களைத் தனியாக உட்காரவைத்து ஆலோசனை சொல்கிறார். என் தம்பியை அதற்குத்தான் கூட்டிப் போனேன். ஒரு தடவைக்கு 3,000 ரூபாய். 2024இல் நாளுக்கு 1,350 ரூபாய் ஆக்கிய தேயிலைத் தோட்டச் சம்பளக் கணக்கில் அது இரண்டு நாள் சம்பளத்துக்கும் கூடுதலான காசு. அதனால் யோசித்துத்தான் போனோம்.

நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம். தம்பி பாடசாலையில் குத்துச்சண்டை பழகி, கொழும்பில் வேலை செய்துகொண்டே விளையாடி, பிறகு ஒரு ஏஜென்ட் மூலம் வெளிநாட்டு ரிங்குகளில் தொழில்முறையாக இறங்கியவன். ஆரம்பத்தில் வென்றான். அப்புறம் வரிசையாக ஐந்து தோல்வி, அதில் இரண்டு நடுவர் இடையில் நிறுத்தியவை. அம்மா போதும் என்கிறார். ஒரு வெற்றி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் இவன். ஏஜென்டோ அடுத்த சண்டைக்கு நாள் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

மாஸ்டர் முதலில் எத்தனை தோல்வி என்று கேட்கவில்லை. ஒவ்வொரு சண்டையாக எடுத்து, எத்தனை நாள் முன்னால் சொன்னார்கள், எதிராளியின் எடை என்ன, எத்தனை ரவுண்ட், மறுநாள் தலைவலி இருந்ததா, தூக்கம் எப்படி என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதினார். பிறகு தம்பியை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார். "தங்கச்சி, போனில் பேசும்போது சொன்னதையே திரும்பச் சொல்கிறானா? சின்ன விஷயத்துக்குக் கோபப்படுகிறானா? விளையாடுகிறவன் எங்களிடம் இதையெல்லாம் மறைப்பான், வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்" என்றார். இதுவரை ஒருத்தரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. இந்த ஒரு கேள்விக்காகவே அந்த 3,000 ரூபாயைக் கொடுக்கலாம்.

அன்றைக்குக் கிளவுஸ் போடவே விடவில்லை. முதலில் நரம்பியல் டொக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். பிரித்தானியாவில் தொழில்முறைக்காரர் எவரும் ஆண்டுதோறும் மூளைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்காமல் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாதாம். இடையில் நிறுத்தப்பட்ட சண்டைக்குப் பிறகு கட்டாய ஓய்வும் உண்டு. தம்பியோ நிறுத்தப்பட்ட முதல் சண்டைக்குப் பிறகு சரியாக ஓய்வெடுக்காமலேயே அடுத்ததற்குப் போயிருந்தான். அதைக் கேட்டதும் மாஸ்டரின் முகம் மாறிவிட்டது.

ஸ்கேன் முடிவு நல்லபடியாக வந்தபின் மறுபடி போனோம். இந்த முறை வீடியோக்கள். மூன்று தோல்விகள் கடைசி நேரத்தில் கூப்பிட்டு, எடை கூடியவனோடு மோதவிட்டவை. மற்ற இரண்டிலும் ஒரே குறை: இடது கையால் குத்திவிட்டு அதைக் கீழே போடுகிறான், அந்த இடைவெளியில் எதிராளியின் வலது கை வந்து விழுகிறது. ஐந்து தோல்வியை மொத்தமாக ஒரு தோல்வி என்று பார்க்காதே, மூன்றுக்கு மருந்து ஒப்பந்தத்தில் இருக்கிறது, இரண்டுக்கு மருந்து பயிற்சியில் இருக்கிறது என்றார்.

இனி என்ன செய்யலாம் என்று பேசியதுதான் நீண்ட நேரம். தோற்பதையே தொழிலாகச் செய்து மரியாதையாக வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள் என்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த குத்துச்சண்டை வீரர் பீட்டர் பக்லியைச் சொன்னார். 300 சண்டை, 256 தோல்வி. 2008இல் கடைசிச் சண்டையை வென்றுவிட்டுத்தான் ஓய்ந்தார். அத்தனை தோல்வியிலும் இடையில் நிறுத்தப்பட்டவை 10தான், ஏனென்றால் அடிபடாமல் இருக்கத் தெரிந்தவர். அங்கே உள்ளூர் வீரர் டிக்கெட் விற்றுச் சம்பாதிக்க வேண்டும், எதிர் மூலைக்கு வருகிறவருக்குப் பேசிய காசு கிடைக்கும், வாரக் கடைசியில் வேறு வேறு ஊரில் சண்டை இருக்கும். இங்கிருந்து விமானம் ஏறிப் போகிற நம் பையனுக்கு அந்த வழி சரிவராது, அவனுக்கு அடிதான் மிஞ்சும் என்று வெளிப்படையாகச் சொன்னார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

அடுத்து அமெரிக்காவின் ஃபிரெடி ரோச். பயிற்சியாளர் எடி ஃபட்ச் போதும் என்று சொல்லியும் கேட்காமல் சண்டை போட்டு, கடைசி ஆறில் ஐந்தைத் தோற்று, 1986இல் 26 வயதில் நிறுத்தியவர். சில்லறை வேலைகள் பார்த்தபின் அதே ஃபட்சிடம் சம்பளமில்லாத உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு பிலிப்பைன்ஸின் உலகச் சம்பியன் மேனி பக்கியாவோவுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். அவருக்குப் பார்கின்சன் என்ற, உடம்பு நடுங்கும் மூளை நோய் இருப்பதையும் மாஸ்டர் சேர்த்தே சொன்னார். தம்பி அதன்பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

முடிவை அவர் திணிக்கவில்லை. ஆறு மாதம் சண்டை வேண்டாம், அந்த இடது கையைத் திருத்து, பின்னேரங்களில் இங்கே சின்னப் பிள்ளைகள் குத்திப் பழகப் பேட் பிடி, பயிற்றுவிப்பாளர் சான்றிதழுக்கும் நடுவர் பயிற்சிக்கும் இப்போதே பெயரைக் கொடு, திரும்பவும் ரிங்கில் இறங்குவதானால் உன் எடையில், போதிய கால அவகாசத்தோடு இறங்கு என்றார். தம்பி இப்போது அங்கேதான் பேட் பிடிக்கிறான். ஏஜென்டின் போனை எடுப்பதில்லை. அம்மா நிம்மதியாகத் தூங்குகிறார்.

குறைகளும் உண்டு. போன் எடுக்கவே மாட்டார்கள், நேரில் போய்த்தான் நேரம் குறிக்க வேண்டும். ஹட்டன் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம். மழைக்காலத்தில் பாய்கள் ஈரம் உறிஞ்சி நாறுகின்றன. பெண்கள் உடை மாற்றத் தனி இடம் இல்லை, படிக்கிற பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முக்கியமான குறை காசு விஷயத்தில். தம்பிக்கு வரவேண்டிய பாக்கியையும் ஒப்பந்தத்தையும் காட்டினோம். வக்கீலைப் பாருங்கள் என்றதோடு சரி, அதற்கு மேல் அவருக்கு வழி தெரியவில்லை. சொன்னதை எழுதியும் தர மாட்டார், நான்தான் குறிப்பெடுத்தேன்.

போகிறவர்கள் சண்டை வீடியோக்களைப் போனில் ஏற்றிக்கொண்டு போங்கள். பழைய மருத்துவ அறிக்கைகள் இருந்தால் அவையும். கூடவே, விளையாடுகிறவரோடு ஒரே வீட்டில் இருக்கிற யாராவது ஒருவர் கட்டாயம் போக வேண்டும்.