ஸ்டிக்கரில் 5 ஹெச்பி, தகட்டில் ஒன்றரை: ஓடுவதற்கு ட்ரெட்மில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டிலேயே ஓடுவதற்கு ட்ரெட்மில் வாங்கும் எண்ணம் இருந்தால், கடைக்குக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 42,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. தெளிவாகக் கேட்ட கேள்விக்கு முகத்துக்கு நேராகப் பொய் சொன்னார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

கோவையில் இருக்கிறேன். ஐந்து ஆண்டுகளாக ஓடுகிறேன், பெரும்பாலும் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில். இந்த ஆண்டு மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருப்பதால், விடியற்காலையில் வீட்டை விட்டு நகர முடியவில்லை. டிசம்பரில் அரை மராத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்றுதான் ட்ரெட்மில் பார்க்கப் போனேன்.

கடையில் என்ன சொன்னேன் என்பது எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. "நடப்பதற்கு இல்லை, ஓடுவதற்கு. வாரத்தில் நான்கு நாள், முக்கால் மணி நேரம், மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம். இது தாங்குமா?" என்று கேட்டேன். "தாராளமாக ஓடலாம் மேடம். 5 ஹெச்பி மோட்டார், 120 கிலோ வரை தாங்கும், மோட்டாருக்கு ஆயுட்கால வாரண்டி" என்றார் விற்பனையாளர். காட்சிக்கு வைத்திருந்த மெஷினில் இரண்டு நிமிடம் ஓடியும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தது அது இல்லை. "அதே மாடல்தான், புதிய வரவு" என்றார்கள். பெல்ட்டை அளந்து பார்த்தேன்: அகலம் 42 சென்டிமீட்டர், நீளம் 115. நடக்க அது போதும். ஓடும்போது கொஞ்சம் பின்தங்கினாலும் குதிகால் பெல்ட்டின் விளிம்பைத் தாண்டுகிறது, கொஞ்சம் முன்னே போனால் முழங்கால் முன்பக்க மூடியில் இடிக்கிறது. அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒவ்வோர் அடிக்கும் பெல்ட் ஒரு கணம் தயங்குவது காலில் தெரிந்தது. திரையில் மட்டும் 10.0 அசையாமல் நின்றது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். துணி அளக்கும் டேப்பால் பெல்ட்டின் முழுச் சுற்றையும் அளந்தோம், 2.6 மீட்டர். 10 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 64 சுற்று வர வேண்டும். ஆள் இல்லாமல் ஓட்டியபோது 64 சரியாக வந்தது. நான் ஏறி ஓடும்போது அவன் செல்போனில் படம் பிடித்து எண்ணினான். 55 தான். அதாவது மணிக்கு எட்டரைக் கிலோமீட்டர் சொச்சம். ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓடுகிறேன் என்று நம்பி, 7 நிமிடத்தில் ஓடியிருக்கிறேன். என் எடை 68 கிலோ. 120 கிலோ தாங்கும் என்றார்களே!

ஆறாவது வாரம், ஓடிக்கொண்டிருக்கும்போதே கருகிய வாடை வந்து மெஷின் சட்டென்று நின்றது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பினேன்.

கடைக்குப் போன் செய்தேன். முதலில், சிலிக்கோன் எண்ணெய் போடாதது என் தவறு என்றார்கள். பெட்டியில் எண்ணெயும் இல்லை, போட வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. எண்ணெய் காய்ந்தால் பெல்ட்டின் உராய்வு கூடி மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும் என்பது உண்மைதான், ஆனால் விற்கும்போது சொல்ல வேண்டிய விஷயம் அது. பிறகு, கருகியது கன்ட்ரோல் போர்டு, ஆயுட்கால வாரண்டி மோட்டாருக்கு மட்டும், போர்டுக்கு 9,500 ரூபாய் ஆகும் என்றார்கள். கடைசியாக அந்தக் கேள்வி வந்தது: "இதில் ஓடினீர்களா மேடம்? இது நடப்பதற்கான மாடல் ஆயிற்றே." வாரண்டி அட்டையை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில், ஒரே மூச்சில் 30 நிமிடத்துக்கு மேல் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது என்று இருந்தது.

எங்கள் தெருமுனையில் பம்ப்செட் மோட்டாருக்கு வைண்டிங் கட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்துவந்தேன். நான்கு திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். மோட்டாரின் மேல் 5 ஹெச்பி என்று பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தை நகத்தால் கிளறி உரித்தார். அடியில் தகடு. டிசி 180 வோல்ட், 1.5 ஹெச்பி, டியூட்டி எஸ் 2, 30 நிமிடம்.

"அம்மிணி, கிணற்று மோட்டாரில் எஸ் 1 என்று போட்டிருக்கும். அது நாள் முழுக்க ஓடும். எஸ் 2 என்றால் போட்டிருக்கும் நேரம் மட்டும் ஓட்டி, நிறுத்தி ஆறவிட வேண்டும்" என்றார். பிறகு பிளக்கைக் கையில் எடுத்துக் காட்டினார். சாதாரண 6 ஆம்பியர் பிளக். ஒரு ஹெச்பி 746 வாட். 5 ஹெச்பிக்கு 3,730 வாட், நம் வீட்டு 230 வோல்ட்டில் குறைந்தது 16 ஆம்பியர் இழுக்க வேண்டும். 6 ஆம்பியர் பிளக்கில் 1,380 வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. "இதில் எப்படி அம்மிணி 5 ஹெச்பி ஓடும்?" என்று கேட்டார். பம்ப்செட் செய்யும் ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கணக்கைக் கடையிலேயே போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

ஸ்டிக்கரில் போடுவது பெரும்பாலும் 'பீக்' ஹெச்பி, ஒரு கணம் எட்டக்கூடிய உச்சம். ஓடுகிறவர்களுக்குத் தேவை 'கன்டினியூஸ்' ஹெச்பி, அதாவது இடைவிடாமல் தரும் திறன். அதை எழுத்தில் கேளுங்கள். என் அனுபவத்தில் அது 3க்குக் கீழே இருந்தால் தொடர்ந்து ஓடுவதற்கு வாங்க வேண்டாம். பெல்ட் 50 சென்டிமீட்டர் அகலம், 140 நீளமாவது இருக்கட்டும். டேப்பைக் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு, உங்கள் வேகத்தில், இருபது நிமிடம் ஓடிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் எந்த மெஷினும் நன்றாகத்தான் ஓடும். ஓட விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். போர்டுக்கும் பெல்ட்டுக்கும் எத்தனை ஆண்டு வாரண்டி, ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஓடலாம் என்பதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன் அட்டையில் படித்துவிடுங்கள். பில்லில் மாடல் எண் இருக்க வேண்டும். என் பில்லில் அது இல்லை. ஆனால் 'ட்ரெட்மில் 5 ஹெச்பி' என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இன்றைக்கு என் கையில் இருக்கும் நல்ல சாட்சி அதுதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். அதன் பிறகுதான் கடை இறங்கிவந்தது: 12,000 ரூபாய் தருகிறோம், இனி உரிமை கோரமாட்டேன் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கிய கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம்.

ஏற்கெனவே வாங்கி இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. 1915இல் புகார் போன மறுநாளே கடையிலிருந்து ஓர் ஆள் வந்து, "சோதித்துப் பார்க்க மோட்டாரை எடுத்துப்போகிறேன்" என்றார். நான் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டுக்கும் அப்படி யாராவது வரலாம். அதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவரை வைத்து மூடியைத் திறந்து, ஸ்டிக்கரோடு ஒன்று, ஸ்டிக்கரை உரித்துத் தகடு தெரிய ஒன்று என்று இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.