பிஎச்.டி.யா, மாஸ்டர்ஸா: தெரபிஸ்ட் ஆக எது போதும்?

மருந்து எழுதித் தருகிற சைக்கியாட்ரிஸ்டுக்கு மருத்துவப் படிப்பு வேண்டும், அதை விட்டுவிடுவோம். பேச்சு வழியே மனச்சிக்கலுக்குச் சிகிச்சை தரும் தெரபிஸ்ட் ஆக, நான் இங்கே ஒப்பிடுவது இரண்டு வழி: கிளினிக்கல் சைக்காலஜியில் முனைவர் பட்டம், இல்லையென்றால் கவுன்சலிங்கில் மாஸ்டர்ஸ். நான் இரண்டாவதில் போனவன், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன்.

முனைவர் வழி நீளம். அமெரிக்காவில் பிஎச்.டி. முடிக்க 5 முதல் 7 வருஷம் ஆகும், அதற்குள் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். ஆய்வாளராகவும் இருக்க வேண்டும், சிகிச்சையும் தெரிய வேண்டும் என்று 1949-ல் அமெரிக்காவின் போல்டர் நகரில் நடந்த மாநாட்டில் வகுத்த முறை இது. சிகிச்சைக்கே முதலிடம் தரும் சை.டி. (PsyD) என்கிற இன்னொரு முனைவர் பட்டத்துக்கு 1973-ல் வேல் (Vail) நகரில் நடந்த மாநாடு ஆதரவு தந்தது. அறிவுத்திறன் சோதனை, மூளைக் காயத்துக்குப் பிந்தைய மதிப்பீடு, பல்கலைக்கழக வேலை என்று ஆசை இருந்தால் இதுதான் வழி. நான் வெளியிலிருந்து பார்த்த அளவில் சொல்கிறேன்.

மாஸ்டர்ஸ் 2, 3 வருஷம். ஆனால் பட்டம் கையில் வந்ததும் நாற்காலி போட்டு உட்கார முடியாது. கலிபோர்னியாவில் குடும்ப தெரபிஸ்ட் லைசென்ஸுக்கு 3,000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்திருக்க வேண்டும். மற்ற இடங்களில் கணக்கு மாறும், ஆனால் ஏதோ ஒரு கணக்கு பெரும்பாலும் இருக்கும். சேரும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, இந்த மேற்பார்வையை யார் ஏற்பாடு செய்வார்கள் என்பதுதான். நான் கேட்கவில்லை. "நீங்களே தேடிக்கொள்ளுங்கள்" என்று கடைசி வருஷம் கைவிரித்தார்கள், ஆறு மாதம் அலைந்தேன்.

அலைந்தது வீண் இல்லை. கிடைத்த சூப்பர்வைசர், அனுமதி வாங்கிப் பதிவு செய்திருந்த ஒரு அமர்வை ஓடவிட்டு, பாதியில் நிறுத்தினார். அதில் என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர் அம்மாவைப் பற்றி ஆரம்பித்துவிட்டு மௌனமாகியிருந்தார், நானோ நாலு நொடி கூடப் பொறுக்காமல் அடுத்த கேள்விக்குத் தாவியிருந்தேன். "இங்கே யாருக்குச் சங்கடம், அவருக்கா, உனக்கா?" என்றார் சூப்பர்வைசர். எந்தப் பரீட்சையிலும் இதற்கு மார்க் கிடையாது.

அப்புறம் பெயர்ப்பலகை விஷயம். பிரிட்டனில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டப்பெயர், 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். என் வழியில் இது ஒரு குறைதான். அதனால் முதல் அமர்விலேயே என் பதிவு எண்ணையும் சூப்பர்வைசர் யார் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்கள் குறைவாக இருந்தாலும்.